தண்டனைக் கொய்யா

கன்னியர் மடத்துத் தோட்டத்துக்கு நான்தான் கணக்கு.
நூறு வருஷத்துக்கு முந்தைய பேரேடு பிரெஞ்சில் இருக்கிறது.
எனக்குப் புரிவது எண்கள் மட்டும்:
தென்னை 41, செத்தது 38.
மறு வருஷம் 60, செத்தது 22.
யாரோ ஒரு மதர், பிடிவாதக்காரி.

பாம்பனில் மண் என்று ஒன்று கிடையாது. மணல்தான்.
மண்ணை நாங்கள் சமைக்கிறோம்.
கரை ஒதுங்கிய பாசியை
மூன்று மழைக்கு உப்பலச விடவேண்டும்
(மூன்று மழை என்றால் இங்கே ஏறக்குறைய ஒரு வருஷம்),
பிறகு சாளைக் குடல், சாணி, அடுப்புச் சாம்பல்,
பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த சோறு.
மிச்சம் வைப்பது பாவம் என்று சொல்லிவிட்டு
வாளியோடு காத்திருப்பேன்.

கிணறு மூன்று.
பெரிய கிணறு அறுபத்துநாலு புயலில் கடலைக் குடித்தது,
இன்னும் வாய் கொப்பளிக்கவில்லை.
இரண்டாவது துணி துவைக்க.
மூன்றாவது, சப்போட்டாக்களுக்கு நடுவே, ஆளுயரம்தான்:
விடியுமுன் இறைத்தால் நல்ல தண்ணீர்,
பத்து மணிக்கு மேல் கரிக்கும்.

கத்தரி வரும், பூசணி வரும்,
முருங்கை கேட்காமலே வரும்.
மாதுளை பூக்கும்,
கச்சான் காற்று எண்ணி எண்ணி உதிர்க்கும்.

மதிலோரம் ஒரு கொய்யா.
தாமதமாய் வந்தால் அதற்கு ஐந்து குடம்.
ஜெபத்தில் சிரித்தால் ஐந்து.
கணக்கு நோட்டில் படகு வரைந்த ரெஜினாளுக்குப் பத்து.
பதிவேட்டில் கையெழுத்து என்னுடையது.
மற்ற கொய்யாக்கள் வருஷத்துக்கு எண்பது, தொண்ணூறு.
இது போன வருஷம் முந்நூற்றுப் பதினாறு.
ஒழுக்கமான பிள்ளைகள் சேர்ந்த வருஷங்களில்
காய்ப்பு குறைகிறது.
இந்தத் தகவலை மதரிடம் நான் சொல்லவில்லை.

ஐப்பசியில் செலஸ்தீனாள் வந்தாள், ஏழாம் வகுப்பு.
"சிஸ்டர், நான் வரிசையில் பேசிட்டேன்."
அவள் அப்பா மடுத்தீனும் இன்னும் நாலு பேரும்
எல்லை தாண்டினார்களென்று அக்கரையில் பிடிபட்டு
அன்றைக்குப் பத்தொன்பது நாள்.
அந்தப் பத்தொன்பது நாளில்
அவள் குரலையே நான் கேட்டதில்லை.

ஐந்து குடம், என்றேன்.

மறுநாள், பாய் மடிக்கவில்லை என்றாள். மடித்திருந்தாள்.
அதற்கு மறுநாள், மாதுளை திருடினேன் என்றாள்.
மாதுளையைத் தினமும் எண்ணுகிறவள் நான்.
பதினொன்று. பதினொன்றும் இருந்தது.
பத்துக் குடம், என்றேன்.

சனிக்கிழமை பின்னாலேயே போனேன்.
அந்தக் கொய்யாவின் அடியில் நின்றால்
மதில் சரிந்த இடைவெளியில் வடகடல் தெரிகிறது.
இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது,
மரத்தையே பார்த்திருக்கிறேன்.
அவள் குடத்தை நூல் பிடித்த மாதிரி சரித்தாள்,
கண் மட்டும் அங்கே.
ஒரு குடம் காலியாக இவ்வளவு நேரமாகுமா.

மார்கழிவரை எழுதினேன்.
செலஸ்தீனாள், பேசியதற்கு, 5.
செலஸ்தீனாள், தாமதம், 5.
ஒருநாள், சிரித்ததற்கு, 5.
அதை எழுதும்போது பேனா நின்றது. உதறிவிட்டு எழுதினேன்.
பொய்ச்சாட்சி எட்டாம் கட்டளை.
பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன்,
பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார்.
குடமாகக் கொடுத்திருக்கலாம்.

தை இரண்டாம் வாரம் ஆட்கள் வந்தார்கள். படகு வரவில்லை.
திங்கட்கிழமை செலஸ்தீனாளின் பாய்
விரித்தபடியே கிடந்தது, தலையணை ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம்.
ஐந்து குடம் என்றேன்.
"இன்னிக்கா சிஸ்டர்?" என்று முகத்தைச் சுளித்தாள்.

மதிலைப் பார்க்கக் கொத்தனார் சந்தியாகு வந்தார்,
முழம் போட்டார், பன்னிரண்டாயிரம் என்றார்.
தோட்டக் கணக்கில் பணமில்லை என்றேன்.
நம்பவில்லை. ஒரு கொய்யாவைப் பறித்துக் கடித்தபடி
சைக்கிளைத் திருப்பினார்.
"லேசாக் கரிக்குதே" என்றார்.

பத்து மணிக்கு மேல் இறைத்த தண்ணீர்.